பதினாறு நாளை மூன்று நாளாக்கலாமா?

கேள்வி இது: “வீட்டில் ஒரு மரணம். ஊரில் பதினாறாம் நாள் கருமாதி வைக்க வேண்டும் என்கிறார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் பிள்ளைகள் மூன்றாம் நாளே எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்கிறார்கள். இந்தச் சடங்குகளால் துக்கம் ஆறும் என்பது உண்மையா? நம்பிக்கை இல்லாதவர்கள் எதை வைத்துக்கொள்ளலாம், எதை விடலாம்?”

மூன்று நாளில் முடிக்கலாம். யாரும் தடுக்கப் போவதில்லை. கேட்டால் ஐயரே அதற்கு வழி சொல்லிவிடுவார். ஆனால் எதை முடிக்கிறோம் என்று தெரிந்து முடிக்க வேண்டும்.

இழவு வீட்டில் நடக்கும் சடங்குகளைப் பிரித்துப் பார்த்தால் அடியில் மூன்று ஏற்பாடுகள் கிடக்கும். யாருக்கு என்ன வேலை, யார் யாருக்குப் பக்கத்தில் இருப்பது, மறுபடி எந்த நாள் கூடுவது. உயிர் எங்கே போகிறது என்பதற்கான விளக்கம் ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி மாறும். இந்த மூன்றும் பெரிதாக மாறுவதில்லை. துக்கத்தை ஆற்றுவது இந்த மூன்றும்தான் என்பது என் கணிப்பு. அதனால்தான் சாமி கும்பிடாதவருக்கும் இவை உதவுகின்றன. அதனால்தான் மந்திரம் ஒன்றுவிடாமல் சொல்லி, வேலையையெல்லாம் ஒப்பந்தக்காரரிடம் விட்ட வீட்டில் உதவாமல் போகின்றன. கீழே சொல்வது பெரும்பாலும் தமிழ்நாட்டின் தென், நடு மாவட்டக் கிராம வழக்கம். உங்கள் ஊரில் பெயரும் வரிசையும் வேறாக இருக்கலாம்.

முதல் ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டியது சடங்கு பாதி, உடற்கூறு பாதி. கண்ணை மூடுவது, தாடையோடு தலையைச் சேர்த்துத் துணியால் கட்டுவது, கை கால்களை நேராக்கிக் கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டுவது. உடல் விறைப்பு இரண்டு மணி நேரம் கழித்து இமையிலும் தாடையிலும்தான் முதலில் பிடிக்கத் தொடங்கும். “பெட்டி வரட்டும்” என்று காத்திருந்தால் வாய் திறந்தபடி விறைத்துவிடும். அந்த முகத்தைத்தான் பிள்ளைகள் கடைசி முகமாக நினைவில் வைத்திருப்பார்கள். கண் தானம் செய்வதாக இருந்தால் ஆறு மணி நேரத்துக்குள் கண் வங்கியிலிருந்து வந்து எடுத்தாக வேண்டும். அதுவரை மூடிய இமைமேல் ஈரப் பஞ்சை வைத்து, மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது கேதம் சொல்லுதல். துட்டி சொல்லுதல், இழவு சொல்லுதல் என்று வட்டாரத்துக்கு ஒரு பேர் உண்டு. வாட்ஸ்அப் குழுவில் படத்தோடு செய்தி போட்டால் போதும் என்று நினைப்பது பெரிய தவறு. தாய்மாமன் வீடு, இறந்தவர் பெண்ணானால் அவர் பிறந்த வீடு, சம்பந்திகள், பங்காளிகள் ஆகிய நான்கு வகையினருக்கும் குரல் வழியாகத்தான் போக வேண்டும். முன்பு ஆள் போய்ச் சொன்னது, இப்போது தொலைபேசி. “எனக்குச் சொல்லாமல் விட்டார்கள்” என்ற வருத்தம் இருபது வருடம் நிற்கும்; அதோடு, கூடி அழ வேண்டிய ஒருவரை அது கூட்டத்துக்கு வெளியே தள்ளிவிடும். பட்டியலை நான்கு பேரிடம் பிரித்துக் கொடுங்கள். இறந்தவரின் மனைவியோ பிள்ளைகளோ அந்த நால்வரில் இருக்கக் கூடாது. செய்தியில் பேர், ஊர், எடுக்கும் நேரம், எங்கே எடுக்கிறோம் என்பதோடு, வழி கேட்க ஒரு வெளியாள் எண்ணும் இருந்தால் போதும்.

இனி ஃப்ரீசர் பெட்டி. வெளியூரிலிருந்து பிள்ளைகள் வந்து சேர அது பெரிய உபகாரம். ஆனால் கண்ணாடி மூடி வந்த பிறகு இழவு வீட்டின் அமைப்பே மாறிவிட்டது. முன்பு கட்டிலிலோ பெஞ்சிலோ கிடத்தியிருப்பார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து காலைத் தடவிக்கொண்டும் முகத்தைத் தொட்டுக்கொண்டும் அழுவார்கள். குளிர்ந்துபோன உடலைத் தொடுவதுதான் “போய்விட்டார்” என்பதைக் கைக்குச் சொல்லும். கண்ணாடி வழியே பார்க்கிறவருக்கு அவர் தூங்குவதாகவே தோன்றும். எனவே மகளோ உடன்பிறந்தாளோ வந்து சேரும்போது பெட்டியைப் பத்து நிமிடம் திறந்து வையுங்கள். அதனால் உடலுக்குக் கெடுதல் இல்லை. பெட்டிக்குத் தனி மின்இணைப்பு கொடுங்கள். பந்தல் விளக்கு, மைக், பெட்டி மூன்றும் ஒரே வயரில் போனால் நடுராத்திரியில் ஃபியூஸ் போகும்.

ஒப்பாரியைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும். அதைப் பாட்டு என்று மட்டும் பார்ப்பவர்கள் அதன் முறையைத் தவறவிடுகிறார்கள். புதிதாக ஒரு பெண் தெருமுனையிலிருந்தே குரல் கொடுத்துக்கொண்டு வருவாள். உள்ளே இருப்பவர்கள் எழுந்து வந்தோ உட்கார்ந்தபடியோ அவளைத் தோளோடு தோள் கட்டிக்கொள்வார்கள். வட்டம் கூடும். ஒருத்தி அடி எடுத்துக் கொடுப்பாள். மற்றவர்கள் அடியின் கடைசி இழுப்பில் சேர்ந்துகொள்வார்கள். இறந்தவரை முறைப்பேர் சொல்லி விளித்து, அவர் செய்த சீர், போட்ட சோறு, கட்டிய வீடு என்று போய், பாடுகிறவளின் சொந்தக் குறைக்கு வந்து நிற்கும். அழுகையோடு மூச்சை இழுத்து நீட்டி விடும் முறையே உடம்பை ஒரு தாளத்துக்குக் கொண்டுவந்துவிடும். பத்துப் பதினைந்து நிமிடத்தில், சற்றுத் தள்ளிய உறவில் ஒரு பெரியவள் “போதும் விடு, தண்ணி குடி” என்று வட்டத்தைக் கலைப்பாள். அடுத்த ஆள் வரும்போது மறுபடி தொடங்கும். அழத் தொடங்கி வைக்க ஒருவர், நிறுத்தி வைக்க ஒருவர் என்று இரண்டு வேலையையும் ஊர் ஆளுக்குக் கொடுத்து வைத்திருக்கிறது. தனியாக அழுகிறவருக்கு இந்த இரண்டுமே கிடையாது.

ஒப்பாரியில் செத்தவரைப் பற்றி மட்டுமா அழுகிறார்கள் என்று படித்தவர்கள் சிலர் கேலி செய்வதுண்டு. செத்தவரைப் பற்றி மட்டும் இல்லைதான். அழுகை என்னும் மெய்ப்பாடு பிறக்கும் இடம் நான்கு என்கிறது தொல்காப்பியம்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்ந்தது, இழந்தது, இருந்த நிலையிலிருந்து சரிந்தது, இல்லாமை. அப்பனைப் பறிகொடுத்த மகள் மாமியார் வீட்டில் பட்ட அவமானத்தையும் அண்ணன் கொடுக்காமல் விட்ட பங்கையும் சேர்த்துப் பாடும்போது இந்த நான்கும் ஒரே இடத்தில் வெளியே வருகின்றன. மற்ற நாளில் சொன்னால் சண்டையாகும் பேச்சு, அன்றைக்கு மட்டும் பாட்டு என்ற மறைப்பில் சபை ஏறுகிறது. அண்ணன்மாரும் தலை குனிந்து கேட்டுத்தான் ஆக வேண்டும். ஒலிபெருக்கியில் பதிவு செய்த ஒப்பாரியைப் போட்டு வைப்பதிலும், கூலிக்கு ஆள் வைத்துப் பாடச் சொல்வதிலும் இது எதுவுமே நடக்காது. வீட்டுப் பெண்கள் வாயடைத்து உட்கார்ந்திருக்க, மைக் அழுதுகொண்டிருக்கும். பாடத் தெரியாதவர்கள் பாட வேண்டாம். கட்டிக்கொண்டு பேர் சொல்லி அழுதால் போதும்.

வாசலில் ஆண்கள் பக்கம் இதுவே வேறு வடிவில் நடக்கிறது. வருகிறவர் கை நீட்டுவார், வீட்டுக்காரர் தொடுவார். “வாங்க” என்ற சொல் கிடையாது, போகும்போது “போய்ட்டு வரேன்” கிடையாது. உட்கார்ந்ததும் “எப்படி ஆச்சு?” என்பார். மகன் ராத்திரி எத்தனை மணிக்கு மூச்சுத் திணறியது, எந்த ஆஸ்பத்திரி, டாக்டர் என்ன சொன்னார் என்று சொல்வான். இதே கதையை அன்று நாற்பது முறை சொல்வான். சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் முதல் முறை திணறியவன் பத்தாவது முறை கோவையாகச் சொல்வான். நடந்ததை அவன் மனம் ஒப்புக்கொள்ளும் வழி அது. வருகிறவர் செய்யக் கூடாதது, “அந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தால் பிழைத்திருப்பார்” என்று சொல்வது. அந்த ஒரு வாக்கியம் வருடக்கணக்கில் அரிக்கும்.

இந்தக் கூட்டத்தில் ஒருவர் எப்போதும் மறக்கப்படுகிறார்: இறந்தவரின் கணவரோ மனைவியோ. வயது அறுபது எழுபது இருக்கும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருக்கும், காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டார். அவருடைய மாத்திரை டப்பாவை ஒரு பேத்தியின் கையில் கொடுத்து, நேரம் தவறாமல் கொடுக்கச் சொல்லுங்கள். இன்சுலின் போடுபவரானால் சாப்பிடாமல் ஊசி போடக் கூடாது. கஞ்சி கொடுத்து, டாக்டரிடம் கேட்டு அளவை முடிவு செய்யுங்கள். மயக்கம் வந்து விழுந்தால் “துக்கம் தாளவில்லை” என்றுவிடுவார்கள், பாதி நேரம் அது சர்க்கரை.

எடுக்கிற நேரம் நெருங்கினால் வேலைகள் வரிசையாக வரும். பிள்ளைகளும் மருமக்களும் வெள்ளைத் துணியை மேலே பிடித்தபடி போய், குளிப்பாட்டுவதற்கான தண்ணீரை, நீர்மாலை என்பார்கள், எடுத்து வருவார்கள். எண்ணெய், சீயக்காய் வைத்துக் குளிப்பாட்டுவார்கள். பிறந்த வீடும் சம்பந்தி வீடும் கோடித் துணி போடும். பிறகு வாய்க்கரிசி. கவனித்தால், ஒவ்வொரு உறவு முறைக்கும் ஒரு செயல் ஒதுக்கப்பட்டிருக்கிறது. எண்ணெய் வைப்பதும் அரிசி போடுவதும் அரை நிமிட வேலை, ஆனால் அத்தனை பேரும் உடலுக்குப் பக்கத்தில் ஒரு முறை வந்து கையால் ஒன்றைச் செய்துவிட்டுப் போகிறார்கள். அமரர் ஊர்தி வாடகை ஏறுகிறது, தகனமேடையில் நேரம் தப்பிவிடும் என்று அவசரப்பட்டு முதலில் வெட்டுவது இதைத்தான். தப்பான வெட்டு. ஐம்பது பேர் எண்ணெய் வைக்க இருபத்தைந்து நிமிடம் ஆகும். அதைக் கணக்கில் வைத்துத் தகன நேரத்தைப் பதிவு செய்யுங்கள். வெட்டுவதானால் கோடியை வெட்டலாம். முப்பது வேட்டியும் இருபது புடவையும் குவிந்து உடலோடு போகின்றன. முறைக்கு ஒன்று போட்டு மற்றதைப் பணமாக வாங்கிக்கொள்வது பல ஊர்களில் வழக்கத்துக்கு வந்துவிட்டது.

பேரப்பிள்ளைகளுக்கு நெய்ப்பந்தம். ஒரு முழக் குச்சியில் துணி சுற்றி நெய்யில் நனைத்துக் கொளுத்திக் கையில் கொடுப்பது. நனைத்த துணியைப் பிழிந்துவிட்டுக் கொளுத்துங்கள், இல்லாவிட்டால் சொட்டும். பக்கத்தில் ஈரச் சாக்கு ஒன்று இருக்கட்டும், நைலக்ஸ் புடவைகள் சுற்றி நிற்கும் இடம் அது. சின்னக் குழந்தைக்குப் பந்தத்துக்குப் பதில் ஊதுவத்தி போதும். “குழந்தை பயப்படும்” என்று அடுத்த வீட்டில் விட்டுவிட்டு வருவது இப்போது கூடிவருகிறது. பார்க்காத குழந்தைதான் அதிகம் கற்பனை செய்யும். வர விரும்பும் குழந்தையை, அதற்கென்று ஒரு பெரியவரைத் துணை வைத்து அழைத்து வரலாம். “தாத்தா தூங்குகிறார்” என்று மட்டும் சொல்லாதீர்கள். சில குழந்தைகளுக்கு அதன் பிறகு தூங்கவே பயம் வந்துவிடும். “செத்துப்போயிட்டார், இனி வரமாட்டார்” என்று சொன்னால் தாங்கிக்கொள்ளும்.

சுடுகாட்டில் கொள்ளிக்குடம். தோளில் நீர்க்குடத்தோடு மகன் மூன்று சுற்று வர, சுற்றுக்கு ஒரு துளை போடுவார்கள். மூன்றாவது சுற்று முடிந்ததும் திரும்பிப் பார்க்காமல் பின்பக்கமாகப் போட்டு உடைத்துவிட்டு நடக்க வேண்டும். நிறைகுடம் எட்டுப் பத்துக் கிலோ இருக்கும். இரண்டு நாள் சாப்பிடாத, அறுபதை நெருங்கும் மகனுக்குச் சின்னக் குடமாக வாங்கி முக்கால் அளவு ஊற்றுங்கள். துளையிலிருந்து ஒழுகிக்கொண்டே போகும் தண்ணீரைப் பற்றி விளக்கம் யாரும் சொல்ல வேண்டியதில்லை; நிற்கிறவர் எல்லாருக்கும் புரியும். மகள் கொள்ளி வைப்பதைச் சட்டம் எதுவும் தடுக்கவில்லை. பெண்கள் சுடுகாட்டுக்கு வரக் கூடாது என்ற வழக்கம் உள்ள வீடுகளில், ஆண்கள் போன பிறகுள்ள இரண்டு மணி நேரம்தான் பெண்களுக்கு மிகவும் கொடியது. அந்த நேரத்துக்கென்றே வீடு கழுவுவது, தலைக்குக் குளிப்பது, விளக்கு வைப்பது என்று வேலைகள் இருந்தன. அதையும் கூலிக்கு விட்டுவிட்டால் வெறும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். வர விரும்புகிறவர் வரட்டும்.

பறை, குழி வெட்டுதல், வெட்டியான் வேலை பற்றி ஒன்று சொல்லாமல் போக முடியாது. “கூடித் துக்கம் காத்தல்” என்று நாம் புகழும் ஏற்பாட்டின் கனமான பகுதியைத் தலைமுறைகளாகக் குறிப்பிட்ட சாதியினர் தலையில் கட்டி வைத்திருந்தோம். பல ஊர்களில் இன்னும் அப்படித்தான். பட்டியல் சாதி, பழங்குடியினரை உடல் சுமக்கவோ குழி தோண்டவோ வைப்பது, 2016 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பறை வேண்டுமென்றால் கலைக்குழுவாக அழைத்து, கூலி பேசி, எல்லாரும் சாப்பிடும் பந்தியில் சாப்பாடு போட்டு அனுப்புங்கள். முடியாதென்றால் பறை இல்லாமல் எடுங்கள். ஒருவரை இழிவுபடுத்தி இன்னொருவர் துக்கம் ஆற்றிக்கொள்வது சடங்கு ஆகாது.

உடல் போனதும் சாப்பாடு. இழவு வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை; சம்பந்தி வீடோ மாமன் வீடோ அக்கம்பக்கமோ கொண்டு வரும். முஸ்லிம் வீடுகளிலும் மய்யித்து வீட்டுக்குச் சோறு ஆக்கிக் கொண்டுபோவது பிறர் கடமை. இதில் வரும் கோளாறு சின்னது, ஆனால் எல்லா ஊரிலும் வரும்: முதல் நாள் ஐந்து வீட்டிலிருந்து சோறு வந்து கெட்டுப்போகும், நான்காம் நாள் யாரும் கொண்டு வரமாட்டார்கள். ஒருவர் பொறுப்பேற்று, எந்த வேளை எந்த வீடு என்று பத்து நாளுக்குப் பிரித்து எழுதிவிட வேண்டும். சிறிய அளவு, காரம் குறைவு, இரண்டு பேருக்கு ரசம் சாதம் போதும்.

பால் தெளிப்பது மறுநாளோ மூன்றாம் நாளோ. பால், இளநீர், நவதானியம், பூ எடுத்துப் போய், புதைத்த மேட்டில் தெளிப்பார்கள். எரித்திருந்தால் எலும்பு பொறுக்கிச் சட்டியில் கட்டி ஆற்றிலோ கடலிலோ கரைப்பார்கள். எரிவாயு மேடையில் ஒன்றரை மணி நேரத்தில் சாம்பலே கையில் வந்துவிடுகிறது. அங்கேயே பாலை ஊற்றி, வழியிலேயே கடலில் கரைத்துவிட்டு வீடு திரும்பினால் வேலை முடிந்தது போலிருக்கும். ஆனால் முதல் நாள் சந்தடி அடங்கி, தூங்கி எழுந்து, பத்துப் பேர் மட்டும் அமைதியாகத் திரும்பப் போகும் அந்த இரண்டாவது பயணம் தொலைந்துவிடுகிறது. சாம்பலை மறுநாள் காலை வாங்கிக்கொள்கிறோம் என்று கேளுங்கள். பெரும்பாலான இடங்களில் பேர் எழுதி வைத்துக் கொடுப்பார்கள். இறப்புப் பதிவுக்கு 21 நாள் அவகாசம் உண்டு, அந்த வேலையைக் கணக்குத் தெரிந்த ஒரு மைத்துனரிடம் ஒப்படைத்துவிடலாம்.

இப்போது நீங்கள் கேட்ட இடத்துக்கு வருகிறோம். நான்காம் நாளிலிருந்து பதினைந்தாம் நாள் வரை என்ன இருக்கிறது? வெளியே பார்த்தால் ஒன்றுமில்லை. தினமும் பொழுது சாயும்போது, உயிர் போன இடத்தில் விளக்கும் ஒரு சொம்புத் தண்ணீரும் வைப்பார்கள். வீட்டுப் பெண்கள் கொஞ்ச நேரம் அழுவார்கள். அன்று வர முடியாதவர்கள் துக்கம் விசாரிக்க வருவார்கள். இலங்கைத் தமிழர் வீடுகளில் மாலையில் தேவாரம், எட்டாம் நாள் எட்டுச்செலவு, முப்பத்தொன்றில் அந்தியேட்டி என்று படிகள் இன்னும் நெருக்கமாக இருக்கும். டொரான்டோவிலும் லண்டனிலும்கூட அந்த முப்பத்தொன்றை விடுவதில்லை. மூன்றாம் நாள் கூட்டம் கலைந்ததும்தான் இழப்பு உறைக்கத் தொடங்குகிறது. அவர் செருப்பு கிடக்கும், அவர் பேருக்கு வங்கியிலிருந்து செய்தி வரும். அந்தப் பன்னிரண்டு நாளும் யாராவது ஒருவர் வந்து போய்க்கொண்டிருக்க “இன்னும் காரியம் ஆகவில்லை” என்பது ஒரு நியாயமான காரணம். மூன்றாம் நாளே கருமாதி முடிந்துவிட்டால் அந்தக் காரணம் போய்விடும், “எல்லாம் முடிஞ்சாச்சே” என்று ஊர் தன் வேலையைப் பார்க்கும். மூன்று நாள் ஏற்பாட்டில் நான் காணும் உண்மையான நட்டம் இது ஒன்றுதான்.

பதினாறாம் நாளின் உள்ளடக்கம் ஊருக்கு ஊர் வேறு: கல் நிறுத்தி எடுப்பது, பிண்டம் வைப்பது, தலை மழிப்பது, பிறகு மாமன் மச்சான்மார் மகனுக்கு உருமா கட்டுவது. உருமா கட்டு அருமையான செயல். பதினைந்து நாள் துக்கக்காரனாகத் தரையில் கிடந்தவனை, வெளியிலிருந்து வந்த உறவுகள் எழுப்பித் தலையில் துணி கட்டி, இனி நீதான் வீட்டைப் பார்க்க வேண்டும் என்கின்றன. குறை, இது மகனுக்கு மட்டும் நடப்பது. அதே நேரத்தில் மகளுக்கும் மனைவிக்கும் புதுத்துணி கொடுத்து நடுவில் உட்கார வைப்பதில் எந்தச் சிக்கலும் இல்லை.

அதற்கு நேர் எதிரானது முந்தின ராத்திரியிலோ விடியலிலோ மனைவிக்குச் செய்வது: பூவும் வளையலும் அள்ளிப் பூட்டி, பின் கூட்டத்தின் நடுவே உடைத்து, தாலியைக் கழற்றுவது. இதை ஆற்றுதல் என்று யாரும் சொல்ல முடியாது. துக்கத்தில் இருப்பவளைக் கூட்டமாக அவமதிப்பது. விட்டால் எதுவும் கெடாது. தனியாக ஒரு வீடு விடத் தயங்கினால் ஊராகவே விடலாம். மகாராஷ்டிரத்தில் கோலாப்பூர் மாவட்டத்து ஹேர்வாட் கிராமம் 2022 மே மாதம் கிராம சபையில் தீர்மானம் போட்டே கைம்பெண் சடங்குகளை நிறுத்தியது. விருந்துச் செலவும் இப்படித்தான். நானூறு பேருக்குக் கறிச்சோறு போட்டு வட்டிக்கு வாங்கிய கடன், ஆறு மாதம் கழித்து வேறொரு துக்கமாகத் திரும்பும். மொய் வரும் என்று கணக்குப் போடுவது ஆபத்து. அது திருப்பிச் செய்ய வேண்டிய கடன்.

உடலே கிடைக்காத மரணத்தில்தான் சடங்கின் அருமை தெரியும். கடலுக்குப் போய்த் திரும்பாதவர் வீட்டில் விளக்கு வைப்பதா, பொட்டை அழிப்பதா என்று தெரியாமல் வருடங்கள் போகும். காணாமல் போனவர் இறந்ததாகச் சட்டம் பொதுவாகக் கொள்ள ஏழு ஆண்டு ஆகும். தர்ப்பையால் உருவம் செய்து கிரியை செய்யும் முறை இந்துக்களிடம் இருக்கிறது. எப்போது செய்வது என்பதை மனைவியும் தாயும் தீர்மானிக்க வேண்டும், பங்காளிகள் அவசரப்படுத்தக் கூடாது.

ஓர் ஊரே சேர்ந்து இழந்தபோது ஊராகவே சடங்கு புதிதாக முளைக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், ஆண்டுதோறும் அந்த நாளில் நாகப்பட்டினம், கடலூர்க் கரைகளில் மீனவர்கள் கடலுக்குப் போவதில்லை. பால் ஊற்றிப் பூத் தூவுகிறார்கள். அதே ஆண்டு ஜூலை 16இல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 பிள்ளைகளை இழந்த பெற்றோர், அந்த நாளில் படங்களுக்கு முன் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். ஈழத்தில் மே மாதம் முள்ளிவாய்க்கால் கஞ்சி: 2009இல் போரின் கடைசி நாட்களில் மக்கள் குடித்து உயிர் வைத்திருந்த அரிசிக் கஞ்சியைத் தெருவில் காய்ச்சி, வருவோர் போவோருக்கெல்லாம் கொடுப்பது. 2024 மே மாதம் திருகோணமலை மாவட்டம் சம்பூரில் இதற்காகப் பெண்களைக் கைது செய்தார்கள் என்றால், ஒரு குவளைக் கஞ்சி எவ்வளவு சொல்கிறது என்று பாருங்கள். இந்த மூன்றிலும் செயல் சிறியது, செலவு இல்லாதது, குழந்தையும் செய்யக்கூடியது, நாள் மாறாதது. இப்படி ஒன்றைத் தொடங்க நினைப்பவர்கள் மேடை போடாமல் இருந்தால் பாதி வெற்றி. மேடை வந்தால் பேச்சாளர் வருவார், இழந்தவர்கள் கீழே நாற்காலியில் பார்வையாளர்களாகிவிடுவார்கள்.

கூடி அழுதும் ஆறாத துக்கம் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஓராண்டு கழிந்தும் தினசரி வேலை எதுவும் ஓடாத அளவுக்கு ஏக்கம் இருந்தால் அதை நீடித்த துக்கக் கோளாறு என்று மருத்துவம் தனியாகக் கணிக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் ஆறு மாதமே எல்லை. தற்கொலையில் ஒருவரை இழந்த வீட்டில் அவ்வளவு காத்திருக்க வேண்டாம். அங்கே ஊர் துக்கம் விசாரிக்க வருவதற்குப் பதில் காரணம் விசாரிக்க வருவதால், சடங்கின் துணை பாதிதான் கிடைக்கும். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

ஆகவே உங்கள் பிள்ளைகளுக்கு விடுப்பு மூன்று நாள்தான் என்றால், ஐயர் செய்யும் கிரியையை மூன்றாம் நாளே முடித்துக்கொள்ளுங்கள். ஆனால் பதினாறாம் நாளை விடாதீர்கள். அன்று மாலை மந்திரம் வேண்டாம், பந்தல் வேண்டாம். பதினைந்து இருபது பேர், இறந்தவருக்குப் பிடித்த இரண்டு பதார்த்தம், அவர் படத்துக்கு முன் ஒரு இலை. வெளிநாட்டில் இருப்பவர் அங்கேயே அதே நாளில் நாலு பேரைக் கூப்பிட்டுச் சமைக்கட்டும். கைபேசியில் வேடிக்கை பார்ப்பதைவிட அது மேல். இடைப்பட்ட நாட்களுக்கு யார் எந்த மாலை வருவது என்று எழுதிக்கொள்ளுங்கள். தலை வருடம் அந்த வீட்டில் தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி வைக்கமாட்டார்கள். பலகாரம் கொண்டு போகப் போகிறவர் யார் என்பதையும் அன்றைக்கே பேசி முடிவு செய்துவிடுங்கள்.